குழந்தைக்குக் காரில் தனி இருக்கை: சட்டம் கேட்பது என்ன, பெற்றோர் கையில் இருப்பது என்ன?

மலேசியாவில் தனியார் காரில் போகும் சிறு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம் என்ற விதி 2020 ஜனவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஆனாலும் காப்பார், மேரு, கிள்ளான் வட்டாரச் சாலைகளில், அம்மாவின் மடியில் உட்கார்ந்து போகும் குழந்தையையும் இரண்டு முன்னிருக்கைகளுக்கு நடுவில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தையையும் இன்னமும் பார்க்க முடிகிறது. சட்டம் தெரியாததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. "என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதா? அரசாங்கம் சொல்லித்தர வேண்டுமா?" என்ற கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. நியாயமான கேள்விதான், பதில் சொல்லாமல் சம்மன் மட்டும் காட்டினால் யாரும் மனம் மாறப்போவதில்லை.

விதி வந்த வழி

நம் நாட்டில் முன்னிருக்கைக்குப் பாதுகாப்பு வார் கட்டாயமானது 1979 ஏப்ரல் 1-ல். பின்னிருக்கைக்கு 2009 ஜனவரி 1-ல். பிள்ளைகளுக்கென்று தனி இருக்கை வந்தது அதற்கும் 11 ஆண்டுகள் கழித்து. பெரியவர்களைக் காப்பாற்றத் தொடங்கி ஏறத்தாழ 41 ஆண்டுகள் ஆன பிறகே சட்டம் குழந்தைகளைத் திரும்பிப் பார்த்திருக்கிறது.

அளவுகோலாக வைக்கப்பட்டவை 136 செ.மீ. உயரமும் 36 கிலோ எடையும். வயதில் சொன்னால் ஏறத்தாழ 12 வரை. இருக்கை ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐ.நா. தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். தனியார் கார்களுக்கு மட்டுமே இந்த விதி. டாக்சி, கிராப் போன்ற இ-ஹெய்லிங் வண்டிகள், பேருந்து ஆகியவற்றுக்கு இது பொருந்தாது.

முதல் ஆறு மாதங்களுக்குச் சம்மன் இல்லை, அறிவுரை மட்டுமே என்று அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அறிவித்திருந்தார். ஆனால் மார்ச் தொடக்கத்திலேயே அரசாங்கம் மாறியது. மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் முடங்கினோம். அறிவுரை சொல்லிப் பழக்கப்படுத்த வேண்டிய மாதங்கள் அப்படியே கரைந்துபோயின. விதி ஏட்டில் நின்றது, பழக்கம் வரவில்லை.

மடி ஏன் போதாது?

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருப்பவர் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகிறார். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, கீழே விழுவதற்கு இது சமம். அந்த வேகம் பத்தில் ஒரு வினாடியில் அடங்குவதாக வைத்துக்கொண்டாலும், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் கைக்கு வேண்டும். மோதலில் நேரம் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அப்போது கணக்கு இன்னும் ஏறும். எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. பாசத்தைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாயும் வார் போடாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அவருடைய உடல் எடையே குழந்தையை முன்பக்கம் வைத்து நசுக்கிவிடும்.

இதை ஒரு நாடு உண்மையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டது. உலகில் முதன்முதலாகக் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய இடங்களில் ஒன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலம். ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் விடாமல் போராடியதால் அந்தச் சட்டம் 1978 ஜனவரி 1-ல் நடப்புக்கு வந்தது. அங்கேயும் இதே எதிர்ப்பு: பெற்றோர் உரிமையில் அரசாங்கம் தலையிடுகிறது என்றார்கள். சமாதானமாக ஒரு விலக்கும் சேர்க்கப்பட்டது. குழந்தையைப் பெரியவர் கையில் வைத்துக்கொண்டு போகலாம் என்பதே அந்த விலக்கு. "குழந்தையை நசுக்கும் திருத்தம்" என்று அதற்கு எதிர்ப்பாளர்கள் பெயரே வைத்துவிட்டார்கள். 1981-ல் விலக்கு நீக்கப்பட்டது. 1985-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இப்படிப்பட்ட சட்டம் வந்துவிட்டது. சரியாகப் பொருத்திய இருக்கை, காரில் செல்லும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரண ஆபத்தை 71 விழுக்காடும், 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு 54 விழுக்காடும் குறைக்கிறது என்பது அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு.

அக்கம்பக்கத்திலும் இதே நிலைதான். சிங்கப்பூரில் 2012 முதல் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்குத் தகுந்த இருக்கை கட்டாயம். இந்தியாவில் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வாரோ இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

"பக்கத்துக் கடைக்குத்தானே போகிறோம்" என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் சமாதானம். காப்பாரில் இருப்பவர்களுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் கூட்டரசுச் சாலை 5 நம் ஊரின் நடுவே ஓடுகிறது. கடைக்குப் போனாலும் பள்ளிக்குப் போனாலும் துறைமுகக் கண்டெய்னர் லோரிகளோடு சேர்ந்துதான் போக வேண்டும்.

எந்த வயதுக்கு எது?

பச்சிளம் குழந்தைக்குப் பின்னோக்கிய இருக்கை. குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு. கழுத்து எலும்பு இன்னும் இறுகியிருக்காது. முன்னோக்கி உட்கார்ந்திருந்தால் மோதலில் தலை மட்டும் முன்னால் பாயும். பின்னோக்கி இருந்தால் முதுகு முழுவதும் அதிர்ச்சியைப் பகிர்ந்துகொள்ளும். ஆர்129 தரம் குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கித்தான் என்கிறது. அதற்கு மேலும் எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நல்லது. காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் மட்டும் பின்னோக்கிய இருக்கையை வைக்கவே கூடாது. காற்றுப்பை விரியும் வேகமே குழந்தையைக் கொன்றுவிடும்.

அடுத்து, உள்வார் கொண்ட முன்னோக்கிய இருக்கை. அதற்கும் பெரிதான பிள்ளைக்கு உயர்த்தும் இருக்கை. இதை "வெறும் மெத்தை" என்று ஒதுக்குபவர்கள் உண்டு. உயரம் போதாத பிள்ளைக்குக் கார் வார் கழுத்தை அறுக்கும், இடுப்பில் நிற்காமல் வயிற்றில் ஏறும். பிள்ளையை உயர்த்தி வாரை எலும்பின் மேல் உட்கார வைப்பதுதான் அந்த மெத்தையின் வேலை.

பழைய சாகாவிலும் கஞ்சிலிலும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்காது. கவலைப்பட வேண்டாம், தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை வாரால் பூட்டும் இருக்கைகளும் தரச்சான்றோடு கிடைக்கின்றன. விலை உயர்ந்ததுதான் பாதுகாப்பு என்பதில்லை. ஆரஞ்சு நிற ஒட்டுச்சீட்டில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஆர்44 அல்லது ஆர்129 எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கை ஆடாமல் இறுக்கமாக நிற்கிறதா என்பதும் முக்கியம். தளர்வாகக் கட்டிய விலையுயர்ந்த இருக்கையைவிட இறுக்கமாகக் கட்டிய மலிவு இருக்கையே மேல்.

விதி தொடாத இடங்கள்

நான்கு பிள்ளைகள், ஒரு மைவி. மூன்று இருக்கையைப் பின்னால் வரிசையாக வைக்க இடம் எங்கே? விதி வந்த நாளிலிருந்தே பெரிய குடும்பங்கள் இதைக் கேட்டு வருகின்றன. இடம் போதாவிட்டால் மிகச் சிறிய பிள்ளைக்கு முதலிடம் கொடுப்பதே அறிவு. மற்றவர்களுக்குக் குறைந்தது வார். ஒரே வாருக்குள் இரண்டு பிள்ளைகளைக் கட்டுவது மட்டும் வேண்டாம்.

ஜாலான் ஆக்கோப் பக்கத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு வந்த குடும்பங்களிலும் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப்போவது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள். இந்த விதி அதைத் தொடவில்லை. காரில் போகும் பிள்ளைக்குச் சட்டம் இருக்கை கேட்கிறது. அதைவிட ஆபத்தான வண்டியில் போகும் ஏழைப் பிள்ளையின் தலைக்குச் சரியான அளவில் ஹெல்மெட் இருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. கார் வாங்க முடியாதவருக்கு இங்கே தேர்வு என்ற சொல்லே பொருந்தாது.

வீட்டுக்குள் நடக்கும் வாக்குவாதம் வேறு. பிள்ளை இருக்கையில் அழும். "பாவம், தூக்கிக் கொடு" என்பார் பாட்டி. அவர் பிள்ளைகளை மடியில் வைத்து வளர்த்த காலத்தில் சாலையும் வேகமும் வேறு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதல் நாளிலேயே இருக்கையில் வைத்தால் பிள்ளை அதையே வழக்கமாக எடுத்துக்கொள்ளும். தாத்தா, மாமா கார்களிலும் பிள்ளை போகும் என்றால், இருக்கையை மாற்றிப் பொருத்த அவர்களுக்கும் ஒருமுறை காட்டிக்கொடுத்துவிடுங்கள்.

அக்கா பிள்ளைக்கு வாங்கிய இருக்கை தங்கை பிள்ளைக்கு வருவது நம்மிடம் இயல்பு. வாங்கிக்கொள்ளலாம். விபத்தில் சிக்கிய காரில் இருந்ததா, பிளாஸ்டிக்கில் விரிசல் உண்டா, வார் நைந்திருக்கிறதா, தர ஒட்டுச்சீட்டு கிழியாமல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். விபத்தைக் கண்ட இருக்கை வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும், அதை இன்னொரு குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.