ஜொகூரில் ‘டை’ வேலை: 10 டன் இரும்பில் முடி அளவு பிழைகூட ஏன் கூடாது?

மைவியோ சாகாவோ, எந்தக் காரின் கதவாக இருந்தாலும் அதன் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. தட்டையாக வந்த அந்தத் தகட்டுக்கு வளைவு, விளிம்பு, கைப்பிடிக்கான குழி எல்லாம் எங்கிருந்து வந்தது? பிரஸ் இயந்திரம் கொடுத்தது என்று சொல்வோம். உண்மையில் பிரஸ் கொடுப்பது அழுத்தம் மட்டும்தான். வடிவத்தைக் கொடுப்பது அதற்குள் உட்கார்ந்திருக்கும் ‘டை’.

தெப்ராவ், செனாய், கூலாய், பாசிர் கூடாங் பக்கம் போனால் “பிரிசிஷன் இன்ஜினியரிங்” என்று பெயர்ப்பலகை மாட்டிய தொழிற்கூடங்களைப் பார்த்திருப்பீங்க. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியில் நிற்பவர்களுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட இடங்களில் நடக்கும் வேலைகளில் ஒன்று, டைகளின் பாகங்களைத் துல்லியமாக வெட்டிக் கொடுப்பது.

டை அப்படின்னா என்ன?

கரிப்பாப் மடிக்கும் பிளாஸ்டிக் அச்சு வீட்டில் இருக்கா? இரண்டு பாதிகளை மூடி அழுத்தினால் மாவு வளையும், ஓரம் வெட்டுப்படும். டையும் அதேதான். மேல் பாதி, கீழ் பாதி, நடுவில் தகடு.

ஆனால் ஒரு கதவுக்கு ஒரு டை போதாது. பெரும்பாலும் நான்கைந்து டைகள் வரிசையாக வேலை செய்யும். முதலாவது தகட்டை இழுத்து வடிவத்துக்குக் கொண்டு வரும். அடுத்தது ஓரத்தை வெட்டும். அதற்கடுத்தவை துளை போடும், விளிம்பை மடிக்கும், கடைசியாக ஒரு தடவை தட்டிச் சரிசெய்யும். கார் பாகங்களுக்கான பெரிய டை ஒன்றே 10 டன்னைத் தாண்டும். அதன் உடம்பு வார்ப்பிரும்பு. வெட்டும் வாய் மட்டும் கடினமாக்கப்பட்ட டூல் ஸ்டீல்.

இப்போ எடையை மறந்துவிட்டு இடைவெளியைப் பாருங்க. சாதாரண 0.8 மில்லிமீட்டர் தகட்டை வெட்டும் டையில், மேல் வாய்க்கும் கீழ் வாய்க்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் தகட்டின் கனத்தில் ஏறக்குறைய 5 முதல் 10 விழுக்காடு இடைவெளி விடுவார்கள். அதாவது 0.04 முதல் 0.08 மில்லிமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் கனமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இடைவெளி கூடினால் வெட்டிய ஓரத்தில் பிசிறு வரும். குறைந்தால் வாய் உடைந்து தெறிக்கும்.

இரும்புக்கும் ஓய்வு வேண்டும்

வேலை தெர்மக்கோலில் தொடங்குகிறது. டையின் முழு உருவத்தையும் தெர்மக்கோலில் செய்து, மணலுக்குள் புதைத்து, உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். தெர்மக்கோல் எரிந்து போன இடத்தில் இரும்பு உட்காரும்.

இந்த வார்ப்பு அடுத்து ‘டபுள் காலம்’ என்ற பெரிய சிஎன்சி இயந்திரத்துக்குப் போகும். வாசல் நிலை மாதிரி இரண்டு தூண்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம், அதில் தொங்கும் வெட்டும் தலை. கீழே மேசை டையைச் சுமந்தபடி அந்த வாசலுக்குள் போய் வரும். தலையைத் திருப்பிக்கொள்ளும் வசதி இருந்தால், டையைத் தூக்காமலேயே மேல்பக்கத்தையும் நான்கு பக்கவாட்டையும் வெட்டிவிடலாம். அது பெரிய லாபம். ஒவ்வொரு தடவை கிரேனில் தூக்கி மறுபடி பூட்டும்போதும் கொஞ்சம் பிழை உள்ளே நுழைந்துவிடும்.

ஆனால் ஒரே மூச்சில் வெட்டி முடிக்கக் கூடாது. ஆறும்போது வார்ப்புக்குள் இறுக்கம் தங்கிவிடும். மேல்தோலைச் சீவியதும் அந்த இறுக்கம் விடுபட்டு, இரும்பு லேசாக வளையும். அதனால் முதலில் முரட்டு வெட்டு, பிறகு சூடேற்றி இறுக்கம் தணித்தல், கடைசியில் நுண்வெட்டு. கையில் ஆர்டர் குவிந்திருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த நடுக்கட்டம்தான். அதன் பலன் சில மாதம் கழித்து பிரஸ்ஸில் தெரியும்.

ஜொகூர் வெயில் செய்யும் வேலை

எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் சுவாரசியமாகப் படுவது இதுதான். உலகம் முழுவதும் நீள அளவுகளுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். ஐஎஸ்ஓ 1, அதாவது அந்த அமைப்பின் முதல் எண் கொண்ட தரநிலையே இதைத்தான் சொல்கிறது. ஆனால் ஜொகூரில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம்.

ஒரு மீட்டர் இரும்பு, ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 0.011 மில்லிமீட்டர் நீளும். கணக்குப் போடுவோம். இரண்டு மீட்டர் நீளமுள்ள டையின் மேல் பாதியை இரவு ஷிப்டில் 26 டிகிரியில் வெட்டுகிறார்கள். கீழ் பாதியை மறுநாள் மதியம் 32 டிகிரியில். 6 டிகிரி வித்தியாசம், இரண்டு மீட்டர்: 0.13 மில்லிமீட்டர். நாம் மேலே பார்த்த இடைவெளியை விட இது அதிகம்! இரண்டு பாதியும் ஒரே சூட்டில் இருந்தால் ஒன்றாக நீளும், ஒன்றாகச் சுருங்கும், பெரிய பிரச்சனை இல்லை. வெவ்வேறு சூட்டில் வெட்டினால்தான் வம்பு.

இதற்காகத்தான் நல்ல தொழிற்கூடங்களில் அளவு பார்க்கும் அறை எப்போதும் குளிராக இருக்கிறது. வெட்டி முடித்த பாகத்தை அங்கே கொண்டு போனதும் அளக்க முடியாது. பல டன் இரும்பு உள்வரை ஆறுவதற்கு ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். மின்கட்டணமும் காத்திருக்கும் நேரமும் விலையில் சேரும். விலைப்பட்டியலில் இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் தெரிந்தால், இந்த இடத்தையும் பார்க்கணும்.

கடைசியில் கை

சிஎன்சி முடித்துக் கொடுத்ததும் டை தயார் என்று நினைத்தால், இல்லை. ஒரு பாதியில் நீலப் பசை பூசி, இரண்டு பாதியையும் மெதுவாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். எங்கே நீலம் ஒட்டியதோ அங்கே உரசுகிறது. அந்த இடத்தைக் கையால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி சேர்த்து... இது நாள்கணக்கில் போகும். எவ்வளவு தேய்க்கணும் என்பது இயந்திரத் திரையில் வராது. அதிகம் தேய்த்துவிட்டால் வெல்டிங் வைத்து மேடாக்கி மறுபடி வெட்ட வேண்டியதுதான்.

இப்போது கார்களில் பயன்படும் உறுதி கூடிய எஃகுத் தகடு இன்னும் அடம் பிடிக்கும். அழுத்தம் விலகியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டியே கணித்து டையைக் கூடுதலாக வளைத்து வெட்ட வேண்டும். கணினி மென்பொருள் உதவும். மீதி அனுபவம்.

இந்த வேலை ஏன் இங்கே?

மலேசியாவின் முதல் கார் பொருத்தும் ஆலை 1967-இல் ஷா ஆலாமில் வோல்வோவுக்காகத் தொடங்கியது. பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டுவதே அப்போதைய வேலை. 1983-இல் புரோட்டோன் உருவாகி, 1985-இல் சாகா வெளிவந்த பிறகுதான் பாகங்களை இங்கேயே செய்யணும் என்ற அழுத்தம் கூடியது. கார் ஆலைகளின் மையம் இன்னும் சிலாங்கூர், பேராக் பக்கம்தான்.

ஜொகூரின் கதை வேறு. 1989-இல் சிங்கப்பூர், ஜொகூர், ரியாவ் சேர்ந்த வளர்ச்சி முக்கோணத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நிலமும் ஆளும் தேடிய சிங்கப்பூர்த் தொழில்கள் பாலம் தாண்டி வந்தன. மின்சாதனத் தகடு வேலை வளர, அதற்கு டை செய்பவர்களும் வளர்ந்தார்கள். பெரிய டபுள் காலம் இயந்திரம் எல்லோராலும் வாங்க முடியாது. அதனால் டை செய்யும் சிறு நிறுவனம், கனமான அடிப்பாகத்தை மட்டும் லோரியில் ஏற்றி வேறொரு நிறுவனத்திடம் வெட்டி வாங்கும். இப்படித்தான் இது தனிச் சேவையாக ஆனது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்திலும் உற்பத்தித் துறைக்கு இடமுண்டு.

சிக்கல் ஆட்களிடம் இருக்கிறது. நீலப் பசையைப் படிக்கத் தெரிந்த ஃபிட்டர் உருவாகப் பல ஆண்டு ஆகும். உருவான பிறகு, ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும் ஊர் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம். போகிறவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவரோடு அவர் கற்றதும் போகிறது. இயந்திரத்தைக் கடனில் வாங்கலாம், இதை வாங்க முடியாது. இங்கேயே ஆளை வைத்துக்கொள்ள நினைக்கும் முதலாளி, குறைந்தபட்ச சம்பளமான 1,700 ரிங்கிட்டை ஒட்டிப் பேசினால் வேலைக்கு ஆகாது.

எஸ்பிஎம் முடித்தவர்களுக்கு

பாசிர் கூடாங்கில் உள்ள அரசாங்கத் தொழில்பயிற்சிக் கழகம், பத்து பகாட்டில் உள்ள அட்தெக் போன்ற இடங்களில் இயந்திரத் துறைப் பயிற்சி உண்டு. சிலாங்கூரில் உள்ள ஜெர்மன்-மலேசியக் கழகம் டூலிங் படிப்புக்குப் பேர் போனது. எஸ்கேஎம் சான்றிதழ் நிலை 1 முதல் 3 வரை. 4 டிப்ளோமா, 5 உயர்நிலை டிப்ளோமா.

வேலைக்குப் போகும் முன் ஒன்று தெரிஞ்சிருக்கணும். 10 டன் டை தலைக்கு மேல் தொங்கும் இடம் இது. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள சட்டத் திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். நேர்முகத் தேர்வில் சம்பளத்தோடு சேர்த்து இன்னும் இரண்டு கேள்வி கேளுங்க: கிரேனை இயக்குபவருக்குப் பயிற்சி இருக்கா? டை பொருத்தும் வேலையை எனக்குக் கற்றுக் கொடுக்கப் போவது யார்?