கூடியபோது தெரிந்த மௌனம்

நுணல் தன் வாயால் கெடும் என்பது நம் பழமொழி. மண்ணுக்குள் பதுங்கியிருக்கும் தவளை, கத்தித் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கத்தாமலே கெட்ட தவளைகளும் உண்டு. அந்த மௌனத்தை உலகம் கவனிக்க வழிசெய்த ஒரு மாநாட்டைப் பற்றி இங்கே பார்ப்போம்.

1989 செப்டம்பரில் இங்கிலாந்தின் கேண்டர்பரி நகரில் முதலாவது உலக ஹெர்பெட்டாலஜி மாநாடு கூடியது. ஊர்வனவற்றையும் இருவாழ்விகளையும் ஆராயும் துறைக்கு அப்பெயர். ஊரும் உயிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பாம்பு, ஆமை, முதலை, தவளை என ஏதேனும் ஒன்றுக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தவர்கள் பல நாடுகளிலிருந்தும் ஆயிரத்துக்கு மேல் வந்திருந்தனர்.

அங்கே வாசிக்கப்பட்ட கட்டுரைகளைவிட, இடைவேளைப் பேச்சே வரலாறாயிற்று. கோஸ்டாரிகாவின் மான்டெவெர்டே மலைக்காட்டில் 1987-இல் 1500-க்கும் மேற்பட்ட தங்கத் தேரைகள் இனப்பெருக்கத்துக்குக் கூடியிருந்தன. 1988-இலும் 1989-இலும் அதே இடத்தில் கண்ணுக்குப் பட்டது ஒன்றே ஒன்று. ஆஸ்திரேலியாவில், முட்டைகளை விழுங்கி இரைப்பைக்குள்ளேயே குஞ்சுகளை வளர்க்கும் விந்தைத் தவளை 1981-க்குப் பின் காட்டில் தென்படவில்லை. மழை பொய்த்திருக்கலாம், தேடியது போதாதிருக்கலாம் என்று தனித்தனியே ஐயுற்றிருந்தவர்கள், தம் ஓடையில் நேர்ந்ததே மற்றவர் ஓடையிலும் நேர்ந்திருப்பதை அங்கே அறிந்தனர். மறு ஆண்டு பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் இதற்கெனவே தனிக் கூட்டம் நடந்தது.

காரணம் புலப்படப் பத்தாண்டுகள் ஆயின. 1998-இல் ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் இறந்த தவளைகளின் தோலில் ஒரு பூஞ்சை இனங்காணப்பட்டது. மறு ஆண்டு அதற்குப் பெயர் சூட்ட உதவியது, வாஷிங்டன் விலங்குக்காட்சிச் சாலையில் இறந்த ஒரு நீலநிற நச்சுத் தவளை. தவளை தோல் வழியாகவே நீரையும் உப்பையும் கொள்வது. தோல் கெட்டால் குருதியின் உப்புகள் நிலைகுலைந்து இதயம் நின்றுவிடும். 2019-இல் வெளியான ஆய்வின்படி, இந்நோயால் குறைந்தது 501 இனங்கள் நலிந்துள்ளன. அவற்றுள் 90 அற்றுப்போயிருக்கலாம்.

ஆய்வாளரும் வளர்ப்போரும் ஒரே கூரையின்கீழ்க் கூடவேண்டியதன் தேவை இங்கேதான் விளங்குகிறது. இப்பூஞ்சை கிழக்காசியாவில் தோன்றியது என்றும், உயிருள்ள விலங்குகளின் வாணிகமே அதைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசென்றது என்றும் 2018-இல் மரபணு ஆய்வு காட்டியது. வளர்ப்பு ஆசைக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் தான்சானியாவின் கிஹான்சி அருவித் தேரை காட்டில் முற்றாக மறைந்தபோது, 2000-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட 499 தேரைகளின் வழித்தோன்றல்களே மிஞ்சின. அவற்றைக் கண்ணாடித் தொட்டிகளில் பேணியவர்கள் இருந்ததால், 2012-இல் தேரைகள் அருவிக்குத் திரும்பின. நோய் சென்ற வழியும் மீட்சி வந்த வழியும் மனிதக் கைகளே.

மாநாடு பின்னர் அடிலெய்ட், பிராக் நகரங்களில் கூடி, 2001-இல் இலங்கையின் பெந்தோட்டைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, அத்தீவில் நூற்றுக்கு மேற்பட்ட மரத்தவளை இனங்கள் வாழ்வதாக ஆய்வு ஒன்று அறிவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை தலைப்பிரட்டைப் பருவமே இன்றி, முட்டையிலிருந்து நேரே தவளைக் குஞ்சாக வெளிவருபவை. 1853-இல் விவரிக்கப்பட்டு, அழிந்ததாகக் கருதப்பட்ட ஒரு தவளை, 2009-இல் சிவனொளிபாத மலைக்காட்டில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

தங்கத் தேரைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 2004-இல் அது அற்றுப்போனதாகப் பதிவாயிற்று. பத்தாவது மாநாடு 2024-இல் மலேசியாவின் கூச்சிங்கில் கூடியது. “உங்கள் ஓடையில் இன்னும் சத்தம் கேட்கிறதா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் தேவை தீர்ந்துவிடவில்லை. அடுத்த மழையில் நம் வீட்டுக் கொல்லையில் தவளை கத்தினால், தூக்கம் கெடுகிறதே என்று சினவாமல் சற்றுச் செவிகொடுப்போம்.