நம் இல்லங்களில் ஒளிப்பதிவு வந்த வழி

நம் சங்கத்து அலமாரியின் அடித்தட்டில், பழைய ஆண்டு மலர்களுக்குப் பின்னால் வீடியோ கேசட்டுகள் சில அடுக்கப்பட்டுள்ளன. மலரை எவரும் எடுத்துப் படிக்கலாம். கேசட்டை எடுப்பார் யார்? எடுத்தாலும் போட்டுப் பார்க்கும் கருவி எங்கே? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வே அலுவலகப் பேரேடுகளிடையே காலம் கழிக்கும் யாம், அறிஞர் அவையில் பேச வல்லோம் அல்லோம். எனினும் அறிந்ததை அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

காட்சியைக் காந்த நாடாவில் பதிக்கும் கருவியை நடைமுறைக்கு ஏற்றவாறு முதன்முதல் செய்து காட்டியது அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம், ஆண்டு 1956. நாடாவின் அகலம் இரண்டு அங்குலம். கருவியோ நிலையங்களுக்கே உரிய பேருருவம். இல்லங்களுக்குள் அது நுழைய இருபது ஆண்டுகள் ஆயின. 1976-இல் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் அரை அங்குல நாடா கொண்ட வி.எச்.எஸ். முறையை வெளியிட்டது. அப்போதும் காமிரா வேறு, பதிவுப் பெட்டி வேறு. ஒன்றைத் தோளில் வைத்து மற்றொன்றைத் தொங்கவிட்டுத் திரிய வேண்டும். இரண்டையும் ஓருடலாக்கிப் பொதுமக்களுக்கு விற்றது சோனி நிறுவனம், 1983-இல். காம்கார்டர் என்னும் சொல் அவ்வாறு புழக்கத்திற்கு வந்தது.

திருவனந்தபுரத்தில் இக்கருவி பரவ வளைகுடா நாடுகள் பெருங்காரணம். விடுமுறைக்கு வந்தோர் பெட்டிகளில் மணப்பொருள்களுடன் வீடியோ டெக்கும் வந்திறங்கிற்று. 1985-இல் இந்நகரிலிருந்து தூர்தர்சனம் மலையாள நிகழ்ச்சிகளை ஒளிபரப்பத் தொடங்கியபின், தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியோர் டெக்கையும் விரும்பினர். கரமனையிலும் சாலைத் தெருவிலும் திருமணம் என்றால் வீடியோக்காரர் வந்தாக வேண்டும். அவருடன் ஹாலஜன் விளக்கேந்திய இளைஞன் ஒருவன். அவன் பின்னே பந்தல் முழுதும் இழுபடும் மின்கம்பி. விளக்கின் வெப்பத்தில் மணமகள் கண்ணைச் சுருக்குவாள். தாலி கட்டும் நேரத்தில் பெரியோர் கண்டதெல்லாம் வீடியோக்காரரின் முதுகே! அக்குறையைத் தீர்க்க மறுவாரம் எல்லோரும் கூடி கேசட்டைப் பார்ப்பர்.

அப்பதிவின் குறை யாதெனின், காட்சி அலைவடிவாகவே நாடாவில் பதிந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படி எடுக்குந்தோறும் நிறம் கசிந்தது, உருவம் மங்கியது. அமெரிக்காவிலுள்ள மகனுக்கு அனுப்பிய மூன்றாம் படியில், மாமனார் யார் மாப்பிள்ளை யார் என்பதே ஐயம். எம் தொழிலினின்று ஓர் உவமை கூறுவோம். சரக்கு வண்டியில் உள்ள பொருளின் வருணனையைத் தொலைபேசியில் நிலையம் நிலையமாகச் சொல்லி அனுப்பினால் நான்காம் நிலையத்தில் அது வேறொன்றாகிவிடும். வாகன் எண்ணைச் சொல்லித் திருப்பி ஒப்பிக்கச் செய்தாலோ, நூறாம் நிலையத்திலும் அதே எண்தான். 1995-இல் ஜப்பானிய நிறுவனங்கள் வெளியிட்ட டிஜிட்டல் காம்கார்டர் செய்தது இதுவே: காட்சியை எண்களாக்கிப் பதித்தது. படி எடுத்தாலும் எண் மாறாது.

அதற்குரிய மினி டி.வி. கேசட் உள்ளங்கையில் அடங்கும். ஈண்டு டி.வி. என்பது தொலைக்காட்சியன்று, டிஜிட்டல் வீடியோ. ஒரு மணி நேரப் பதிவைக் கணினியில் ஏற்ற ஏறக்குறைய 13 ஜிகாபைட் இடம் வேண்டும்; அந்நாளைய கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. திரைப்படத் துறையும் இவ்வழிக்குத் திரும்பிற்று. பி. சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' 2004-இலும், வி. கே. பிரகாஷ் இயக்கிய மலையாளப் படமாகிய 'மூன்னாமதொராள்' 2006-இலும் டிஜிட்டல் காமிராவால் எடுக்கப்பெற்று வெளிவந்தன. பின்னர் நாடாவே ஒழிந்தது. நினைவக அட்டை வந்தது. இன்று கைப்பேசி போதும்.

பதிவு அழிந்தால் நேர்வது யாதென்பதை இந்நகரம் முன்னரே அறியும். கேரளத்தின் முதல் கதைப்படம் 'விகதகுமாரன்'. அதை எடுத்தவர், இறுதிக் காலத்தை அகஸ்தீசுவரத்தில் கழித்து 1975-இல் மறைந்த ஜே. சி. டேனியல். அது இங்குள்ள காபிடல் கொட்டகையில் திரையிடப்பட்டது 1928-இலா 1930-இலா என்று இன்றும் வழக்காடுகின்றனர். படச்சுருள் இருந்தால் பார்த்தாவது மகிழலாம்; அது கிட்டவில்லை.

நம் கேசட்டுகளுக்கும் காலம் நெருங்கிவிட்டது. வி.எச்.எஸ். டெக் செய்துவந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையுடன் அத்தொழிலை நிறுத்திற்று. காந்த நாடாக்களை விரைந்து டிஜிட்டலுக்கு மாற்றுமாறு 2019-இல் யுனெஸ்கோவின் திட்டமொன்று உலகை எச்சரித்தது. அதன் கணக்கில் 2025-க்குப் பின் ஓட்டிப் பார்க்கவே வழி அரிதாகும். இவ்வூர் இடவப்பாதி மழைக்கு அக்கணக்கும் வேண்டா. ஈரம் புகுந்த கேசட்டில் வெண்பூஞ்சை தானே படரும்.

1996-ஆம் ஆண்டு விழாவில் எம் தந்தையார் நன்றியுரை கூறினார். அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின் அக்கேசட்டைத் தேடி எடுத்து, நகரத்துக் கடையொன்றில் மாற்றித் தரக் கொடுத்தோம். பூஞ்சையைத் துடைக்காமலே டெக்கில் இட்டனர். நாடா சிக்கி அறுந்தது. எஞ்சியதை வேறொருவர் பொறுமையாக ஒட்டி ஓட்டினார். தந்தையார் குரல் நான்கு நிமிடம் கிடைத்தது. பாயசம் கிண்டியவர்களையெல்லாம் பெயர் சொல்லி வாழ்த்துகின்றார். செய்தி கேட்டு, நம் காலனியின் முதிய அம்மையார் ஒருவர் இல்லம் தேடி வந்தார். அவ்விழாவில் மிருதங்கம் வாசித்த தம் கணவரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். அது அறுந்த பகுதியில் இருந்தது. காபி அருந்திவிட்டு, எம் தந்தையார் பேச்சை இருமுறை கேட்டுச் சென்றார்.

டிஜிட்டலும் அழியாததன்று. வன்தட்டு ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். ஆகவே இரு படிகள் எடுத்து இரு வீடுகளில் வைத்தல் நன்று. எம்மிடம் ஒரு டெக் இன்னும் ஓடுகின்றது. துடைக்கும் முறையும் இப்போது கற்றுள்ளோம். கேசட் வைத்திருக்கும் அன்பர்கள் ஞாயிறு மாலைகளில் கொண்டு வரலாம். அதற்குமுன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போமே என்று மட்டும் எண்ண வேண்டா.