சபுராளிகளின் பெட்டியில் போர்க்காலச் சின்னங்கள்

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சபுராளிகளாகச் சென்று திரும்பிய பெரியவர்கள் வஃபாத்தான பின், அவர்தம் தகரப் பெட்டியைத் திறக்கும் பிள்ளைகள், கணக்கேடுகளுக்கு அடியில் பெயர் தெரியாத சில பொருள்களைக் காண்கின்றனர். காகிதமாயின் கிழித்தெறிவதும், உலோகமாயின் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போடுவதும் வழக்கமாகிவிட்டன. நம்மவரின் எழுதப்படாத வரலாறு இவ்வாறு தராசில் ஏறுவது நமக்கு வருத்தமளிக்கிறது.

முதலில் நோட்டுகளைப் பார்ப்போம். ஜப்பானிய அரசு என ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள்கள் அவை. இரண்டாம் உலகப் போரில் தாம் பிடித்த நாடுகளுக்கு ஜப்பானியர் தனித்தனியே நோட்டு அச்சிட்டு, நாட்டை ஓர் ஆங்கில எழுத்தால் குறித்தனர். வரிசைக் குறி 'எம்' எனத் தொடங்கின் மலாயா. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தாகிய 'பி' எனத் தொடங்கின் பர்மா. மலாயாவின் பத்து டாலர் தாளில் வாழைமரம் இருந்ததால் வாழைமர நோட்டு என்றே அதற்குப் பெயர் வந்தது. 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் இவை செல்லாக் காசாயின. இன்றும் ஏராளமாகக் கிடைப்பதால் பெருவிலை போவதில்லை. புதையல் என்று எவரும் மகிழ வேண்டா.

ஆயினும் சாட்சியாக அவற்றின் மதிப்பு பெரிது. 1941 டிசம்பர் 23-இல் இரங்கூன்மீது குண்டு விழுந்தது; 1942 மார்ச் 8-இல் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. அம்மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து தாயகம் திரும்பினர். அவ்வாறு முன்பே வந்துவிட்டவரிடம் பர்மா நோட்டு சேர்ந்திருக்க வழியில்லை. "வாப்பா அந்த வருஷமே நடந்து வந்துவிட்டார்கள்" என்று வீட்டில் சொல்வார்கள். பெட்டியிலோ 'பி' எழுத்து நோட்டுகள் ஒரு கட்டு இருக்கும். ஒற்றைத் தாளாயின் படையிலிருந்து திரும்பிய நண்பர் வேடிக்கைக்குக் கொடுத்ததாகலாம். கட்டாக இருப்பின், ஆட்சி மாறிய பின்னும் அவர் அங்கேயே தங்கிப் பிழைத்தார் என்று கொள்வதே பொருந்தும். கடிதமின்றிக் காத்திருந்த பாட்டிமார் சிலர் வாய்திறவாமல் போனதன் காரணமும் அப்போதுதான் புலப்படும்.

ஆறுமுனை நட்சத்திரப் பதக்கம் கிடைத்தால் அதன் எழுத்தைப் படியுங்கள். பர்மா நட்சத்திரம் என்றிருந்தால், 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான பர்மாப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் பணியாற்றியதற்காக அளிக்கப்பட்டது. அதன் நாடாவில் நடுவே அகன்ற சிவப்பும், இருமருங்கும் கருநீலமும், நீலத்தினூடே செம்மஞ்சள் கோடும் காணலாம்.

முதல் உலகப் போரின் வட்டப் பதக்கமாயின் விளிம்பை நோக்குக. பெற்றவரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். அப்போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் பெரும்பாலும் வெள்ளி. வெண்கலத்தில் இருந்தால் மட்டமானது என்று ஒதுக்காதீர்கள். தொழிலாளர் படைகளில் சுமை தூக்கியவர்களுக்கு அவ்வாறே வழங்கினர். புளியிட்டு விளக்கவும் கூடாது. தேயத் தேய விளிம்பிலுள்ள பெயரும் போய்விடும்.

தோட்டாவோ குண்டோ கிடைப்பின் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லியனுப்புக. மற்றவற்றை ஓர் உறையிலிட்டு, யார் பெட்டியில், எப்போது கிடைத்தது என்று மேலே எழுதி வைத்தால் போதும்.