பாஸ்ட் லென்ஸின் கதை: குற்றாலத்து வெளிச்சமும் சித்திர சபை இருட்டும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் காலம். பேரருவி வெள்ளை வெளேரென்று கொட்டும். அருவியை ஒட்டிக் குற்றாலநாதர் கோயில். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் சித்திர சபை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான இதில் கூத்தபிரான் சிலையாக இல்லாமல் ஓவியமாகவே இருக்கிறார். வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்தால் கண் பழகுவதற்கே சற்று நேரமாகும். ஐந்து கிலோமீட்டர் தள்ளித் தென்காசியில், 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயில். அதன் உள் பிரகாரத்திலும் விளக்கு வெளிச்சம்தான்.

ஒரே நாளில் இந்த மூன்றையும் ஒரு கேமரா, ஒரே ஒரு லென்ஸ் கொண்டு எடுக்க வேண்டும் என்றால் எந்த லென்ஸ்? டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் கேமரா வாங்கியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இதற்கான பதில் கடையில் இருப்பதைவிட வரலாற்றில்தான் அதிகம் இருக்கிறது.

பெயர் விளக்கம்:

வாய் அகலமாகத் திறந்து நிறைய வெளிச்சம் வாங்கும் லென்ஸைப் படக்காரர்கள் 'பாஸ்ட் லென்ஸ்' என்பார்கள். லென்ஸ் எங்கும் ஓடுவதில்லை! குறைந்த வெளிச்சத்திலும் ஷட்டரை வேகமாக வைக்க விடுகிறது, அதனால் அந்தப் பெயர். எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். எஃப் 2.8-ஐ விட எஃப் 2 இரண்டு மடங்கும், எஃப் 1.4 நான்கு மடங்கும் வாங்கும்.

தூண்கள் மட்டும் விழுந்த காலம்:

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள் 1792-ல் தென்னிந்தியாவில் பயணம் செய்து, திருநெல்வேலிச் சீமையின் பாபநாசம் அருவியையும் வரைந்தார்கள். அவர்கள் கையில் 'கேமரா அப்ஸ்குரா' இருந்தது. லென்ஸ் காட்டும் பிம்பத்தைப் பார்த்துப் பென்சிலால் வரைந்துகொள்ளும் பெட்டி அது. லென்ஸ் இருந்தது, பிலிம் இல்லை.

1858-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர், திருச்சி ஆகிய ஊர்களின் கோயில்களைப் படம் எடுத்தார். மெழுகு பூசிய காகிதமே அவருக்கு நெகடிவ். மண்டபத்துக்குள் ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் லென்ஸ் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். தூண் அசையாது, அழகாக விழுந்தது. விளக்கு ஏற்றுகிறவர், பூ கட்டுகிறவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர் யாரும் விழ வழியில்லை.

இதைக் கவனிக்க வேண்டும். பாஸ்ட் லென்ஸ் பிறந்தது தூணுக்காக அல்ல. மங்கிய இடத்தில் அசையும் மனிதருக்காக.

50 மி.மீ. வந்த விதம்:

ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்த லைக்காவை 1925-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. சினிமா பிலிமில் 24 x 36 மி.மீ. படம், 50 மி.மீ. லென்ஸ், எஃப் 3.5. படச் சட்டத்தின் மூலைவிட்டத்துக்கு நெருக்கமான நீளமுள்ள லென்ஸ்தான் 'ஸ்டாண்டர்ட்' என்பது பொது விதி. இந்தச் சட்டத்தின் மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ. எனவே 50 என்பது சற்றே நீளம்தான். வழக்கத்தால் அதுவே ஸ்டாண்டர்ட் ஆகிவிட்டது.

எஃப் 3.5 பகலுக்குப் போதும். இரவுக்கு? லுட்விக் பெர்டெலே என்ற இளைஞர் 1920-களில் எர்னோஸ்டார் லென்ஸை வடிவமைத்தார். எஃப் 2, பிறகு எஃப் 1.8. அது பொருத்திய எர்மனாக்ஸ் கேமராவைத் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு 1928-ல் பெர்லின் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கைப் படம் எடுத்தார் எரிக் சாலமன். அதே பெர்டெலே ஸெய்ஸ் நிறுவனத்தின் காண்டாக்ஸ் கேமராவுக்காக 1932-ல் கொண்டு வந்ததுதான் சொன்னார் 50 மி.மீ. எஃப் 1.5. லென்ஸில் பூச்சு வராத காலம் அது. கண்ணாடிகளை ஒட்டி மூன்றே தொகுதியாக்கியதால் உள்ளே ஒளி தெறிப்பது குறைந்தது. அதனால் படம் வெளுக்கவில்லை.

திருவண்ணாமலையில் ஒரு லைக்கா:

பாஸ்ட் லென்ஸும் சிறிய ரேஞ்ச்பைண்டரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே நம்பியவர். பிளாஷ் அவருக்குப் பிடிக்காது. 1948 ஜனவரி 30 இரவு, காந்தியடிகள் மறைந்த செய்தியை பிர்லா மாளிகை வாசலில் நேரு கூட்டத்துக்கு அறிவிக்கும் படம் அவர் எடுத்ததுதான். படம் கலங்கியிருக்கிறது, ஆனால் அந்த இரவு அதில் இருக்கிறது.

1950 ஏப்ரல் 14 அன்று ரமண மகரிஷி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் பிடித்தவரும் அவரே. சத்தமில்லாத ஷட்டர், கையடக்கக் கேமரா, பிளாஷ் வேண்டாத லென்ஸ். ஒரு ஆசிரமத்தின் அமைதியைக் கெடுக்காமல் படம் எடுக்க வேறென்ன வேண்டும்?

பிறகு எண்களின் போட்டி தொடங்கியது. 1953-ல் லைட்ஸின் சம்மிக்ரான் எஃப் 2. 1961-ல் கேனானின் எஃப் 0.95. 1966-ல் நாக்டிலக்ஸ் எஃப் 1.2. பிலிமின் உணர்திறன் குறைவாக இருந்ததால் இந்தப் போட்டிக்கு நியாயம் இருந்தது.

டிஜிட்டல் வந்ததும் குழப்பம்:

2004-ல் எப்சன் ஆர்-டி1 வந்தது. முதல் டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் இதுதான், 6 மெகாபிக்சல். ஜப்பானின் கோசினா நிறுவனத்துடன் சேர்ந்து செய்தது. 2006-ல் லைக்கா எம்8, 10 மெகாபிக்சல். இரண்டிலும் சென்சார் பிலிமை விடச் சிறியது. ஆர்-டி1-ல் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் 75 போலவும், எம்8-ல் 66 போலவும் தெரியும். நெருங்கிய முகம் விழும், பிரகாரம் விழாது!

ஆகவே ஸ்டாண்டர்ட் மாறியது. ஆர்-டி1-க்கு 28 மி.மீ. (43 போல) அல்லது 35 (53 போல). எம்8-க்கு 35 (47 போல). ஃபோக்ட்லாண்டர் நோக்டன் 35 மி.மீ. எஃப் 1.2, நோக்டன் 40 மி.மீ. எஃப் 1.4, லைக்கா சம்மிக்ரான் 28 மி.மீ. எஃப் 2 ஆகியவற்றை அப்போது பலரும் தேடியதற்குக் காரணம் இதுவே. 2009-ல் முழு பிலிம் அளவு சென்சாருடன் எம்9 வந்தது; 50 மறுபடியும் 50 ஆயிற்று.

எம்8-ல் இன்னொரு சிக்கல். கறுப்புச் செயற்கைத் துணி கத்தரிப்பூ நிறமாக விழுந்தது. அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் பில்டரை லென்ஸின் முன் மாட்ட வேண்டியிருந்தது. எம்8-க்கு லென்ஸ் தேடுகிறவர் பில்டர் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரேஞ்ச்பைண்டர் சொல்லாத உண்மை:

எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். ரேஞ்ச்பைண்டரில் அப்படி இல்லை. தனிச் சன்னல் வழியாக இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி தூரத்தை அளக்கிறோம். 50 மி.மீ. எஃப் 1.4-ல் ஒன்றரை மீட்டர் தூரத்து முகத்தை எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 7 அல்லது 8 சென்டிமீட்டர்தான். அளவு சற்றுப் பிசகினாலும் கண்ணுக்குப் பதில் காது தெளியும். பிலிமில் மறைந்த பிழை கணினித் திரையில் பெரிதாக்கியதும் பல்லிளிக்கும்.

சில லென்ஸ்களில் எஃப் எண்ணை மாற்றினால் போகஸ் இடமே நகரும். 2006-ல் வந்த ஸெய்ஸ் சி-சொன்னார் எஃப் 1.5 இதற்குப் பேர் போனது. ரேஞ்ச்பைண்டருக்கு இது தெரியவே தெரியாது. மலிவாகக் கிடைக்கும் பழைய சோவியத் ஜூபிடர் லென்ஸ்களும் லைக்காவின் அளவுடன் சரியாகப் பொருந்தாமல் போவதுண்டு. வாங்குமுன் சொந்தக் கேமராவில் மாட்டி, முழுத் திறப்பிலும் எஃப் 2.8-லும் எடுத்துப் பார்ப்பதே நல்லது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்:

ஐஎஸ்ஓ 100-ல், எஃப் 1.4-ல், 1/8 விநாடி கேட்கும் ஒரு பிரகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 1600 என்றால் அதே லென்ஸில் 1/125, எஃப் 2.8 லென்ஸில் 1/30. ஆர்-டி1-ன் உச்சம் 1600, எம்8-ன் உச்சம் 2500. எனவே இந்தக் கேமராக்களைப் பழையதாக வாங்குகிறவருக்கு எஃப் 1.4 உண்மையான தேவை. 2017-ல் வந்த எம்10, 2022-ல் வந்த எம்11 போன்றவற்றில் ஐஎஸ்ஓ 6400-ஐத் தயங்காமல் வைக்கலாம். அப்போது எஃப் 2.8-லேயே 1/125 கிடைத்துவிடும். எஃப் 2 தாராளம்.

முடிவாக:

குற்றாலத்து அருவிக்குப் பாஸ்ட் லென்ஸ் வேண்டியதில்லை. நீரைப் பட்டு போலக் காட்ட 1/4 விநாடி வேண்டும். ட்ரைபாடும், சாரலில் லென்ஸைத் துடைக்க ஒரு துணியும் போதும். சித்திர சபையின் ஓவியமும் அசையப் போவதில்லை. அனுமதி கேட்டு, தூணில் சாய்ந்து நின்று மெதுவாக எடுக்கலாம். பிளாஷ் அடித்தால் சுவர் பளபளக்கும், கும்பிடுகிறவர்களுக்கும் இடைஞ்சல்.

ஆனால் தென்காசிக் கோயிலில் விளக்குக்கு எண்ணெய் விடும் பாட்டியின் கை நிற்காது. டிரைப் எடுக்க முடியாமல் போனது அந்தக் கையைத்தான். அதை எடுக்க விரும்புகிறவர் சென்சாருக்கு ஏற்ற நீளத்தில், தன் கேமராவில் போகஸ் சரியாக விழுகிற, எஃப் 2 அல்லது எஃப் 1.4 லென்ஸ் ஒன்றை வாங்கலாம். அதற்கு மேல் கொடுக்கும் காசு எண்ணுக்குத்தான் போகும். தூணும் அருவியும் மட்டும் போதும் என்பவர் அந்தக் காசை மிச்சம் பிடித்து, ஆடி மாதம் இன்னொரு முறை குற்றாலம் வந்து போகலாம்.