ரைட்டர்கள் வந்திறங்கிய இடம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. எந்தக் காலேஜ் என்று கேட்டால் அங்கே இப்போதிருக்கும் பெண்கள் கல்லூரியைக் காட்டுவார்கள். அந்தக் கல்லூரி தொடங்கியது 1915-ல். தெருவின் பெயர் அதற்கு முந்தியது. டி.பி.ஐ. என்று எல்லோரும் சொல்லிப் பழகிய வளாகத்தில், கல்வித்துறை வருவதற்கு முன்னால், வேறொரு காலேஜ் இருந்தது. அது பட்டம் தந்த கல்லூரி அன்று. இங்கிலாந்திலிருந்து ஆள வந்த இளைஞர்களுக்கு நம் பாஷைகளைச் சொல்லிக் கொடுத்த பயிற்சிப் பள்ளி. புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்பது அதன் பெயர். தமிழில் அதைச் சென்னைக் கல்விச் சங்கம் என்று எழுதினார்கள். நான் பி.ஏ.யில் ஆங்கிலம் படித்தவன். வேர்ட்ஸ்வொர்த் எந்த ஆண்டில் எந்த ஏரிக்கரையில் நடந்தார் என்பதெல்லாம் பாடத்தில் இருந்தது. இது இல்லை. தமிழ் படித்த நண்பர்களை விசாரித்ததில் அவர்களுக்கும் இது பாடத்தில் இல்லை என்று தெரிந்தது.

கம்பெனியின் உடன்படிக்கை உத்தியோகத்தில் கடைநிலைப் பதவிக்கு ரைட்டர் என்று பெயர். நேர்ப்பொருளில் குமாஸ்தா. அந்தச் சொல் இன்றும் நம் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் ஃபாக்டர், பிறகு வணிகர். எல்லாம் கடை கண்ணிப் பெயர்கள். 1800-ல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி இந்த அபத்தத்தைத்தான் சுட்டிக் காட்டினார். கணக்கெழுத வந்த பையன்கள் நீதிபதியாகவும் வரி வசூலிப்பவராகவும் மாஜிஸ்டிரேட்டாகவும் இருக்கிறார்கள். பதினைந்து பதினாறு வயதில் வருகிறவனுக்கு இந்த நாட்டின் பாஷையோ சட்டமோ வழக்கமோ தெரியாது. கடனில் விழுகிறான், சோம்பலில் விழுகிறான் என்பது அவர் வாதம். இதற்காக அவர் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியை ஆரம்பித்தார். சட்டம் நிறைவேறியது ஜூலையில். ஆனால் மே 4 என்று தேதி போடச் சொன்னார். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, திப்பு இறந்து, ஓராண்டு நிறைந்த நாள் அது. ஒரு பள்ளிக்கூடத்தின் பிறந்த நாளை யுத்த வெற்றியின் நினைவு நாளாகத் தேர்ந்தெடுத்தவருக்குத் தாம் செய்வது என்ன என்பதில் எந்தக் குழப்பமும் இருந்திருக்காது.

லண்டனிலிருந்த இயக்குநர்களுக்குச் செலவு பிடிக்கவில்லை. ஐரோப்பியக் கல்வியை இங்கிலாந்திலேயே கொடுப்பது என்று 1806-ல் தனிக் கல்லூரி தொடங்கினார்கள். அது பிறகு ஹெய்லிபரியில் நிலைத்தது. அங்கே சரித்திரமும் அரசியல் பொருளாதாரமும் கற்பித்தவர் மால்தஸ். ஆக, மக்கள்தொகையைப் பற்றி மால்தஸிடம் பாடம் கேட்டுவிட்டு, அந்த மக்களிடம் பேசுவதற்கான பாஷையைக் கப்பலை விட்டு இறங்கிய பிறகு கற்றுக்கொள்வது என்று ஏற்பாடு.

சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். நார் கொண்டு தைத்த மசூலாப் படகில் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். வந்திறங்கிய பையன் முதலில் கேட்ட தமிழ் படகோட்டிகளின் தமிழாகத்தான் இருந்திருக்கும். சில நாள் கழித்து அவன் எதிரில் ஒரு புலவர் வந்து உட்காருவார். அவர் தமிழ் வேறு. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சென்னைக் கல்லூரி 1812-ல் அமைந்தது. அதற்குத் திட்டம் வகுத்தவர்களில் முக்கியமானவர் எஃப். டபிள்யூ. எல்லிஸ். 1796-ல் ரைட்டராக வந்து 1810-ல் சென்னைக் கலெக்டர் ஆனவர். இளநிலை சிவில் உத்தியோகஸ்தர்கள் தமிழ், தெலுங்கு முதலான பாஷைகளில் தேற வேண்டும். தேறுவதைப் பொறுத்துச் சம்பளம் ஏறும். பக்கத்திலேயே வேறொரு வகுப்பும் நடந்தது. இந்து, இஸ்லாமியச் சட்டங்களில் நம்மவர்கள் பயின்று கோர்ட்டு வேலைக்குப் போனார்கள். கல்லூரிக்கென்று ஓர் அச்சுக்கூடமும் இருந்தது.

கற்பித்தவர்கள் யார்? பட்டாபிராம சாஸ்திரி, தாண்டவராய முதலியார், முத்துசாமிப் பிள்ளை, கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து பிறகு இங்கே ஆங்கிலத் தலைமை ஆசிரியரான சங்கரய்யா. நம் இலக்கிய வரலாறுகளில் இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி அடிக்குறிப்பாக இருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர்கள் என்பது எங்கும் சொல்லப்படுவதில்லை. பெஸ்கியின் ஏடுகளைத் தேடித் தெற்கே எல்லிஸ் அனுப்பிவைத்தவர் முத்துசாமிப் பிள்ளை. 1818-ல் வெளிவந்த மிராசு உரிமை பற்றிய நூலில் கேள்விகளுக்குப் பதில் எழுதியவர் சங்கரய்யா. ஓர் அரசாங்கம் நிலத்தைப் பற்றிக் கேட்கிறது, தெரிந்தவன் சொல்கிறான். அந்தப் பதிலைச் சுற்றி எல்லிஸின் விளக்கங்கள் வளர்ந்தன.

1816-ல் வெளிவந்த காம்ப்பெலின் தெலுங்கு இலக்கணம் இந்தக் கல்லூரியின் பாடத் தேவைக்காக எழுதப்பட்டது. அதன் முன்னுரைக்கு எல்லிஸ் ஒரு குறிப்பு எழுதினார். கோல்புரூக், வில்கின்ஸ், கேரி முதலியோர் தென்னாட்டு பாஷைகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்று சொன்னதை அதில் மறுத்தார். சமஸ்கிருத வேர்களையும் தெலுங்கு வேர்களையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் காட்டினார், ஒட்டவில்லை. தெலுங்கு, கன்னட, தமிழ் வேர்களை அடுக்கிக் காட்டினார், ஒட்டின. பிறகு சொற்கள், பிறகு வாக்கிய அமைப்பு. மலையாளம், துளு, குடகு மட்டுமின்றி வடக்கே ராஜமகால் மலைவாசிகள் பேச்சையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்தார். திராவிடம் என்ற பெயர்தான் இல்லை. அந்தப் பெயரோடு கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வர இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று.

இதில் என்னை நிறுத்தியது வேறொரு விஷயம். எல்லிஸ் பயன்படுத்திய தெலுங்கு வேர்ப் பட்டியல் பட்டாபிராம சாஸ்திரி தொகுத்தது. தெலுங்குச் சொற்களைத் தத்சமம், தத்பவம், தேசியம், கிராமியம் என்று பிரித்துக் காட்ட மாமிடி வெங்கய்யாவின் அகராதி முன்னுரை கை கொடுத்தது. அதாவது, எந்தச் சொல் வடமொழியிலிருந்து வந்தது, எந்தச் சொல் இந்த மண்ணுடையது என்று பிரித்துப் பார்க்கும் கண் நம் இலக்கணக்காரர்களிடம் ஏற்கனவே இருந்தது. பாஷைகளுக்கு வம்சாவளி உண்டு, ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கலாம் என்ற ஐரோப்பிய யோசனை இதன்மேல் வந்து விழுந்ததும் நிரூபணம் கிடைத்துவிட்டது. இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது நடந்திராது. பின்னால் ஒரு நூற்றாண்டு அரசியலையே தாங்கிய ஒரு கருத்து, புதிதாக வந்த உத்தியோகஸ்தன் எந்த பாஷையை முதலில் படித்தால் மற்றவை சுலபம் என்ற நடைமுறைக் கேள்வியின் பக்கத்தில் முளைத்தது.

இனி உரைநடைக்கு வருகிறேன். கல்கத்தாவில் மிருத்யுஞ்சய வித்யாலங்காரும் ராம்ராம் பாசுவும் வங்காள உரைநடையை எழுதியது கல்லூரி மாணவனுக்காக. மீர் அம்மனின் உருதும் லல்லுலாலின் ஹிந்தியும் அப்படியே. சென்னையில் தாண்டவராய முதலியார் மராட்டியிலிருந்து பஞ்சதந்திரத்தை 1826-ல் தமிழ் உரைநடையாக்கினார். செய்யுள் மரபில் ஊறிய ஒரு புலவர், அர்ஜியைப் படிக்கவும் சாட்சி சொல்வதைக் கேட்கவும் வேண்டிய ஒரு வெள்ளைக்கார வாலிபனுக்குப் புரியும்படி தமிழில் கதை சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிர்ப்பந்தத்தின் தடம் அதன் வாக்கியங்களில் இருக்கிறது. எது தமிழ் என்ற பிரச்னையும் அங்கே தீரவில்லை. பெஸ்கி இரண்டு தமிழுக்கும் இரண்டு இலக்கணம் எழுதி வைத்திருந்தார். கொடுந்தமிழ் இலக்கணத்தைக் கல்லூரி அச்சகம் 1813-ல் மறுபதிப்புச் செய்தது. செந்தமிழ் இலக்கணம் 1822-ல் பாபிங்டன் மொழிபெயர்ப்பில் வந்தது. இந்த பாபிங்டன் 1812-ல் சென்னை ராஜதானியில் சேர்ந்தவர். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் திரும்பிப் போய் வைத்தியரானார். தொண்டைக்குள் பார்க்கும் கருவி ஒன்றை 1829-ல் செய்தார். ழகரத்தோடு போராடியவருக்கு இயல்பான அடுத்த வேலைதான்.

பாஷையைக் கற்பது ஆணையிடக் கற்பது என்று பெர்னார்ட் கோன் 1985-ல் எழுதினார். அதற்கு முன்பே, 1978-ல், எட்வர்ட் செய்த் கீழையியல் முழுவதையும் கூண்டில் ஏற்றியிருந்தார். இவற்றை மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. மே 4 என்ற தேதியே சாட்சி. ஆனால் இந்தப் பார்வையில் ஓர் ஊனம் உண்டு. பேசுகிறவன் வெள்ளைக்காரன் மட்டுமே. புலவர் வெறும் கருவி. ‘தமிழைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் வெள்ளைக்காரர்கள்’ என்று நன்றி பாராட்டும் நம் மேடைகளும் இதே தவறைத்தான் செய்கின்றன. ஒன்று திட்டுகிறது, ஒன்று கும்பிடுகிறது. இரண்டிலும் பட்டாபிராம சாஸ்திரிக்கு நாற்காலி இல்லை. தாமஸ் டிரவுட்மன் 2006-ல் எழுதிய நூல் அந்த நாற்காலியைப் போட்டது. அதையும் ஓர் அமெரிக்கர்தான் செய்யவேண்டியிருந்தது.

எல்லிஸ் 1819-ல் ராமநாதபுரத்தில் இறந்தார். நாற்பது வயது தாண்டும்வரை எதையும் பெரிதாக வெளியிடுவதில்லை என்று வைத்திருந்தாராம். அவர் விட்டுப்போன காகிதங்கள் மதுரையில் ஒரு சமையற்காரனுக்கு அடுப்பெரிக்கப் பயன்பட்டன என்று பின்னால் வந்த வால்டர் எலியட் எழுதினார். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் எல்லிஸுக்காக வருத்தப்படுகிறார்கள். எரிந்தவற்றில் எத்தனை தாள் புலவர்கள் எழுதிக் கொடுத்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கல்லூரி 1854-ல் மூடப்பட்டு, பரீட்சை வாரியம் அதனிடத்தில் வந்தது. அடுத்த ஆண்டு லண்டனில் போட்டித் தேர்வு. சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் முசௌரியில், சார்லவில் என்ற பழைய ஹோட்டலில், நம் அதிகாரிகளுக்கு அகாடமி திறந்தார்கள். மலை மேல் ஏறிப் போய்ச் சேரவேண்டும். 1812-ல் வந்தவன் கடலோரத்தில், ஜனங்கள் நடுவில் இறங்கினான். அந்த வித்தியாசத்தை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஓர் அரசு தன் புதிய ஆளை முதல் நாள் யார் எதிரில் உட்கார வைக்கிறது என்பது கேட்கத்தக்க கேள்வி.

நான் வேலை பார்க்கும் பாங்கில் பயிற்சி முடித்த புது ஆபீஸர்கள் வெளிமாநிலங்களிலிருந்து வருகிறார்கள். முதல் வாரம் என் கவுண்டர் பக்கம் வந்து தமிழ்ச் சொற்களை எழுதித் தரச் சொல்வார்கள். கணக்கு, வட்டி, தவணை, அடகு, கையெழுத்து. கொஞ்ச நாளில் ‘நாளைக்கு வாங்க’ என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். போன வருஷம் வந்த ஒரு பையன், நகைக்கடன் வாங்க வந்த கிழவி ‘வட்டி ஏறிப்போச்சா’ என்று கேட்டதைக் குறித்துக்கொண்டு வந்தான். அறிவிப்புப் பலகையில் ‘வட்டி விகிதம் உயர்த்தப்பட்டுள்ளது’ என்றிருக்கிறது. எது சரி, எதைப் படிக்கட்டும் என்றான். இரண்டும் என்றேன். இரண்டுக்கும் ஒரே இலக்கணமா என்றான். பதில் சொல்லவில்லை, வரிசையில் ஆள் நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் அவனுக்காக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இடது பக்கம் கிழவியின் தமிழ், வலது பக்கம் பலகையின் தமிழ். நான்கு பக்கம் ஆகியிருக்கிறது. கவிதையைப் பற்றி எழுதும்போது எந்தப் பக்கத்துத் தமிழில் நிற்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. இந்தக் கட்டுரை முழுவதும் வலது பக்கம்.