பசியை மறந்த கயோட்டி

ஒரு சின்னக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில் ரோடு ரன்னர் என்று நிஜமாகவே ஒரு பறவை இருக்கிறது. குயில் குடும்பம். நம்மூர் செம்போத்துக்குத் தூரத்துச் சொந்தம். செம்போத்து மாதிரியே இதுவும் பறப்பதைவிடத் தரையில் நடமாடுவதில்தான் இஷ்டம் உள்ளது. ஓடினால் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அதே பாலைவனத்தில் திரியும் கயோட்டி, ஓநாயைவிடச் சின்னதாக, நரியைவிடப் பெரிதாக இருக்கும் நாய்க் குடும்பத்து விலங்கு. அது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்.

ஆக, நிஜத்தில் இந்த இரண்டுக்கும் பந்தயம் வைத்தால் சில நொடிகளில் ஆட்டம் முடிந்துவிடும். பறவை எழும்பிப் பறந்து தப்பித்தால் உண்டு. ராக்கெட்டும் வேண்டாம், ராட்சச காந்தமும் வேண்டாம்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டு 1949 செப்டம்பரில் ஒரு கார்ட்டூன் வந்தது. 'ஃபாஸ்ட் அண்ட் ஃபர்ரி-அஸ்' என்று பெயர். வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு, இயக்கம் சக் ஜோன்ஸ், கதை மைக்கேல் மால்டீஸ். ஏழு நிமிஷச் சமாச்சாரம். ஒரு கயோட்டி, ஒரு ரோடு ரன்னர், ஒரு நீண்ட சாலை. வசனம் கிடையாது என்பதால் கேபிள் டிவி வந்த காலத்தில் நம் வீடுகளிலும் இங்கிலீஷ் தெரியாமலே எல்லாருக்கும் புரிந்தது.

அந்தக் கயோட்டியை முட்டாள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரைபடம் போடத் தெரிகிறது, இயந்திரம் பூட்டத் தெரிகிறது, பாறையில் சுரங்கப்பாதையை நிஜம் போலவே வரையத் தெரிகிறது. அதன் பிரச்சினை மறதி. அந்த மறதி எங்கிருந்து வந்தது என்று தேடப்போனால், அதைப் படைத்தவர்களையும் ஸ்டுடியோவையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

கேலியாகப் பிறந்த துரத்தல்

1940களின் இறுதியில் அமெரிக்கத் தியேட்டர்களில் துரத்தல் கார்ட்டூன்கள்தான் ராஜா. எம்ஜிஎம் ஸ்டுடியோவின் டாம் அண்ட் ஜெர்ரி அதற்குள் ஐந்து ஆஸ்கர் வாங்கியாகிவிட்டது. பூனை எலியைத் துரத்தும், நாய் பூனையைத் துரத்தும். எல்லா ஸ்டுடியோக்களும் இதையே அரைத்துக்கொண்டிருந்தன.

ஜோன்ஸும் மால்டீஸும் இதைக் கிண்டல் பண்ணலாம் என்று நினைத்தார்கள். துரத்தலைத் தவிர வேறு எதுவுமே இல்லாத ஒரு துரத்தல் படம். வீடு இல்லை, சமையலறை இல்லை, எஜமானி இல்லை. துரத்துவதற்குக் காரணம்கூடச் சரியாகச் சொல்லப்படாது. இரண்டு மிருகங்களுக்கும் லத்தீன் மாதிரி ஒலிக்கும் போலி அறிவியல் பெயர்களைத் திரையில் போட்டதும் இந்தக் கிண்டலின் பகுதிதான்.

ஜனங்கள் கிண்டலைக் கவனிக்கவே இல்லை. நல்ல துரத்தல் படம் என்று ரசித்துவிட்டுப் போனார்கள்.

1952 ஜனவரியில் அதே கயோட்டியை 'ஆபரேஷன்: ராபிட்' படத்தில் பக்ஸ் பன்னி முயலுக்கு எதிராக இறக்கினார்கள். அதில் அது பேசுகிறது. தன்னை ஜீனியஸ் என்று அறிமுகம் செய்துகொள்கிறது. வைலி ஈ. கயோட்டி என்ற பெயர் வந்தது அந்தப் படத்தில்தான். அதே ஆண்டு மே மாதம் 'பீப், பீப்', ஆகஸ்ட்டில் இன்னொன்று. துரத்தல் படங்களைக் கேலி செய்யக் கிளம்பியவர்கள் துரத்தல் தொடர் ஒன்றை நடத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் மறதி இதுதான். கயோட்டிக்கு முன்னாடியே அதன் தொடர் தன் நோக்கத்தை மறந்துவிட்டது.

மார்க் ட்வைனின் கயோட்டி

ஜோன்ஸ் தன் சுயசரிதையில் கயோட்டிக்கு மூலம் என்று ஒரு புத்தகத்தைக் காட்டுகிறார். மார்க் ட்வைன் 1872-ல் வெளியிட்ட 'ரஃபிங் இட்' என்ற பயணநூல். ஏழு வயதில் படித்ததாகச் சொல்கிறார். அதில் ட்வைன் கயோட்டியை எலும்பும் தோலுமான, எப்போதும் பசித்த, அதிர்ஷ்டம் இல்லாத, நண்பர்கள் இல்லாத ஜீவனாக வர்ணிக்கிறார். இந்தத் தொடரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இந்த இடத்தைக் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அதே அத்தியாயத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் படித்தால் ஒரு விஷயம் கிடைக்கிறது. தன் வேகத்தைப் பற்றிப் பெரிய நினைப்பு உள்ள ஒரு ஊர் நாய் கயோட்டியைத் துரத்துகிறது. கயோட்டி அலட்டிக்கொள்ளாமல் சற்று முன்னால் மெதுவோட்டம் ஓடுகிறது. அவ்வப்போது திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. நாய்க்கு வெறி ஏறுகிறது, மூச்சு வாங்குகிறது, ஆனாலும் இடைவெளி மட்டும் குறையவில்லை. கடைசியில் கயோட்டி ஒரு பாய்ச்சலில் காற்றைக் கிழித்துக்கொண்டு மறைந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய வெட்டவெளியில் நாய் தனியாக நிற்கிறது.

இது யாருடைய வர்ணனை? அப்படியே ரோடு ரன்னர்!

ட்வைனின் ஒரே மிருகத்தை ஜோன்ஸ் இரண்டாகப் பிரித்துவிட்டார் என்பது என் ஊகம். பசி, மெலிவு, துரதிர்ஷ்டம் எல்லாம் கயோட்டிக்கு. வேகம், அலட்சியம், சிரிப்பு எல்லாம் பறவைக்கு. ஏமாந்து நிற்கும் நாயின் இடமும் கூடுதலாகக் கயோட்டிக்கே வந்து சேர்ந்தது. பாவம்.

இதற்கும் முன்னால், மேற்கு அமெரிக்கப் பழங்குடிகளின் கதைகளில் கயோட்டி ஒரு முக்கியமான ஆள். பெயரே மெக்சிகோவின் நாவாட்ல் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கதைகளில் அது மகா தந்திரசாலி, அதே மூச்சில் மகா அசடு. பிறரை ஏமாற்றக் கிளம்பித் தானே மாட்டிக்கொள்ளும். செத்தாலும் எழுந்து வந்துவிடும். ஜோன்ஸ் இவற்றைப் படித்தாரா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. பாறையில் நசுங்கிய கயோட்டி அடுத்த காட்சியில் புதிதாக எழுந்து வரும்போது, அந்த மண்ணின் பழைய கதைகளுக்கு அது ஒன்றும் அந்நியமாக இல்லை.

விதிகள் எப்போது வந்தன?

இணையத்தில் அடிக்கடி சுற்றி வரும் ஒரு பட்டியல் உண்டு. ரோடு ரன்னர் படங்களுக்கு ஜோன்ஸ் வகுத்த விதிகள். பறவை 'பீப் பீப்' சொல்வதைத் தவிர வேறு வழியில் கயோட்டிக்குத் தீங்கு செய்யக்கூடாது. கயோட்டியின் சொந்தக் கோளாறோ ஆக்மி கம்பெனிப் பொருளின் கோளாறோதான் அதைத் தோற்கடிக்க வேண்டும். எல்லாச் சாமானும் ஆக்மியிலிருந்தே வர வேண்டும். கயோட்டியின் மிகப்பெரிய எதிரி புவியீர்ப்பு. இப்படிப் போகும்.

படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் கதை எழுதிய மால்டீஸிடம் பின்னாளில் ஒரு பேட்டியில் கேட்டபோது, அப்படி எந்த விதியையும் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லிவிட்டார். படத்தையே பார்த்தாலும் இடிக்கிறது. முதல் படத்தில் ஆக்மி பெயரில் ஒரு சூப்பர்மேன் உடை வருகிறது, சரி. ஜெட் ஷூ வரும் பெட்டியில் வேறு பெயர் இருக்கிறது.

இது யாரும் சொன்ன பொய் என்று நான் சொல்லவில்லை. வேலை நடக்கும்போது கை பழகிப்போய்ச் செய்ததை, பல வருஷம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது மனசு விதியாக அடுக்கிக்கொள்கிறது. பங்கெடுத்தவரின் நினைவை மட்டும் நம்பி வரலாறு எழுதினால் இந்த மாதிரி இடங்களில் வழுக்கும்.

நிஜமாகவே விதி என்று சொல்லத்தக்க ஒன்று நேரக்கணக்கில் இருந்தது. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். கயோட்டி மலையுச்சியிலிருந்து விழுந்து கண்ணுக்கு மறைய 18 ஃபிரேம், பிறகு கீழே புழுதி எழும்ப இன்னும் 14 ஃபிரேம் என்று ஜோன்ஸ் சொல்கிறார். 13 ஆனாலும் சிரிப்பு வராதாம், 15 ஆனாலும் வராதாம். ஒரு ஃபிரேம் என்பது ஒரு நொடியில் இருபத்துநாலில் ஒரு பங்கு! அந்தச் சின்ன இடைவெளிதான் அவர்களுடைய கைவேலை.

இரண்டு மறதிகள்

அந்தப் பட்டியலில் ஒரு விதி மட்டும் மற்றவை போல இல்லை. கயோட்டி நினைத்தால் எந்த நேரமும் நிறுத்திக்கொள்ளலாம், அது வெறியனாக இல்லாவிட்டால் என்கிறது அது. கூடவே தத்துவவாதி ஜார்ஜ் சந்தயானாவின் விளக்கம் ஒன்றையும் ஜோன்ஸ் துணைக்கு வைத்துக்கொள்கிறார். நோக்கத்தை மறந்த பிறகு முயற்சியை இரண்டு மடங்காக்குபவனே வெறியன் என்பது அதன் சாரம்.

சந்தயானா இதை எழுதியது 1905-ல் வெளிவரத் தொடங்கிய தன் நூல்வரிசையின் முதல் தொகுதியில். கடந்ததை நினைவில் வைக்காதவர்கள் அதையே திரும்பச் செய்யச் சபிக்கப்பட்டவர்கள் என்று உலகமெல்லாம் மேற்கோள் காட்டுகிறார்களே, அதுவும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. கயோட்டிக்கு இரண்டுமே பொருந்துவதைப் பாருங்கள்.

கடந்ததை மறப்பது முதலாவது. நான் இருக்கும் மென்பொருள் தொழிலில், ஒரு சிஸ்டம் விழுந்தால் அதை எழுப்பிய பிறகு உட்கார்ந்து ஏன் விழுந்தது என்று எழுதி வைப்போம். கயோட்டி இதை மட்டும் செய்வதே இல்லை. அதன் பல திட்டங்கள் கிட்டத்தட்டச் சரியானவை. ராக்கெட் பற்றிக்கொள்ளத்தான் செய்கிறது, ஐந்து நொடி தாமதமாக. பாறை விழத்தான் செய்கிறது, இரண்டடி தள்ளி. அதே இயந்திரத்தைக் கொஞ்சம் சரிசெய்து மறுபடி முயன்றால் போதும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த பெட்டியைப் பிரிக்கிறது.

நோக்கத்தை மறப்பது இரண்டாவது. அதற்குப் பசி, அதனால்தான் துரத்த ஆரம்பித்தது. ஆக்மியிடம் அவ்வளவு சாமான் வரவழைக்க முடிகிற ஒருவனுக்குச் சாப்பாடு வரவழைக்க முடியாதா? அதற்கு இப்போது சாப்பாடு வேண்டாம். இந்தப் பறவைதான் வேண்டும்.

இதற்குள் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் ஓடும்போது கயோட்டி விழுவதில்லை. கீழே குனிந்து பார்த்து, தான் எங்கே நிற்கிறோம் என்று ஞாபகம் வந்த பிறகுதான் விழுகிறது. மறந்திருக்கும்வரை அந்தரம்கூடத் தாங்குகிறது. கருவிகளோடு தனக்கு இருந்த வாழ்நாள் சண்டையிலிருந்து இந்தப் பாத்திரம் வந்ததாக ஜோன்ஸ் சொல்லியிருக்கிறார். நம்மில் பலர் மனசு பறவையிடம் போகாமல் கயோட்டியிடமே போவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும்.

துரத்தியவர் என்ன ஆனார்?

1961-ல் வந்த 'பீப் பிரிப்பேர்டு' ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஜோன்ஸ் வார்னரிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. 1963-ல் கார்ட்டூன் பிரிவையே மூடினார்கள். 1965, 1966-ல் வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து, ரூடி லாரிவா இயக்கத்தில் 11 படங்கள் மலிவாக எடுக்கப்பட்டன. அதே சாலை, அதே பெட்டிகள். அந்த 14 ஃபிரேம் கணக்கு மட்டும் அவற்றில் கைகூடவில்லை.

ஜோன்ஸ் எங்கே போனார் தெரியுமா? எம்ஜிஎம்முக்கு. அங்கே 1963 முதல் 1967 வரை 34 டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் தயாரித்தார். துரத்தல் படங்களைக் கிண்டலடித்து முடித்துவைக்க நினைத்தவர், கடைசியில் பூனையை எலிக்குப் பின்னால் ஓடவிடும் வேலைக்கே வந்து சேர்ந்தார்.

இந்தக் கதைக்கு ஒரு முடிவும் உண்டு. 1980-ல் ஒரு டிவி நிகழ்ச்சிக்காக, 'சூப் ஆர் சானிக்' என்ற குறும்படத்தை ஜோன்ஸ் ஃபில் மன்றோவுடன் சேர்ந்து இயக்கினார். துரத்திக்கொண்டே போய் இரண்டும் குறுகிக்கொண்டே போகும் ஒரு குழாய்க்குள் நுழைகின்றன. வெளியே வரும்போது கயோட்டி எலிக்குஞ்சு அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. பறவை பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. அதைக் கவனிக்காமல் ஓடிவந்த கயோட்டி, கோபுரம் போல் நிற்கும் காலைக் கட்டிப் பிடித்துவிடுகிறது.

31 வருஷத்துக்குப் பிறகு பிடித்தேவிட்டது!

மேலே அண்ணாந்து பார்க்கிறது. பிறகு நம் பக்கம் திரும்பி அட்டைகளைத் தூக்கிக் காட்டுகிறது. பிடி பிடி என்று எப்போதும் நீங்கள்தானே ஆசைப்பட்டீர்கள், பிடித்துவிட்டேன், இனி என்ன செய்வது என்பது அதில் உள்ள கேள்வி. படம் அங்கேயே முடிகிறது.

அந்த முகத்தில் பசி இல்லை. எப்போது போனது என்று அதற்கும் தெரியாது. அடுத்த முறை பழைய படங்கள் கண்ணில் பட்டால், கயோட்டி முள்கரண்டியும் கத்தியுமாக வருவது எந்தெந்தப் படங்களில், வெறும் வரைபடத்தோடு வருவது எந்தெந்தப் படங்களில் என்று எண்ணிப் பாருங்கள். பசி கழன்று விழுந்த இடம் அங்கே எங்கோதான் இருக்கிறது.